முப்பத்தேழாவது படம்

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சத்தியம் செய்ய வேண்டிவந்தால் அக்காவின் தலையில் கை வைத்துச் செய்வதுதான் சின்ன வயதிலிருந்து என் பழக்கம். அவள் தலை கெட்டி. எத்தனையோ சத்தியங்களைத் தாங்கியிருக்கிறது. இந்த விஷயத்தில் அந்தத் தலைக்கே ஆபத்து வந்துவிட்டதால், அதை விட்டுவிட்டு என் கேமராவின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். நம்புகிறவர்கள் மேலே படிக்கலாம். நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான்.

எனக்கு எழுபத்தொன்று. கழிவுநீர் வாரியத்தில் வரைபடம் வரைகிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த நகரத்தின் அடியில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மேலே எந்தத் தெரு எங்கே திரும்புகிறது என்பதைப் படம் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். அக்காவுக்கு எழுபத்தாறு. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலை பார்த்தவள். ஊரில் பாதிப் பேரின் ரகசியம் அவள் காதில் விழுந்திருக்கிறது, மீதிப் பேரின் ரகசியத்தை அவளே ஊகித்துவிட்டாள். அத்தான் போன பிறகு அவளும், கல்யாணப் பேச்சையே எடுக்க விடாத நானும், மூன்றாவது மாடியில் இரண்டு அறை உள்ள வீட்டில் ஒன்றாக இருக்கிறோம். தனித்தனியாக இருந்தால் யாரைத் திட்டுவது என்ற பிரச்சினைதான் காரணம்.

என் தளவாடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய பிலிம் கேமரா, அதோடு வந்த ஒரே லென்ஸ். ஒரு தோல் உறை. அதன் பொத்தான் எப்போதோ விழுந்துவிட்டதால் அக்காவின் கைப்பையிலிருந்து பிடுங்கிய கொக்கி அதைக் காக்கிறது. வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஒன்று. உச்சி வெயிலிலும் அது இருட்டு என்றே காட்டும், எனவே அது சொல்வதற்கு நேர்மாறாக நடந்துகொள்வேன். ஒரு கால் கட்டையான முக்காலி. அந்தக் காலுக்கு இருமல் மருந்துப் புட்டியின் மூடியைச் செருப்பாக மாட்டியிருக்கிறேன். இத்தனையும் ஒரு காய்கறிப் பையில் அடங்கும். பையைப் பார்த்துத் திருடன் மயங்கமாட்டான் என்பது என் கணக்கு.

கேமராவைப் பழைய பொருள் கடையில் வாங்கினேன். விற்றவர் பேசி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முதுகு சில்லிட்டது. அவருக்கு மாறுகண் என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் சில்லிட்டது சில்லிட்டதுதான்.

பிலிம் சுருள் ஒன்றில் முப்பத்தாறு படம் எடுக்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு முப்பத்தேழு கிடைக்கும். எப்படியென்றால், சுருளின் நுனியைக் கேமராவுக்குள் இருக்கும் உருளையில் செருகவேண்டும். மற்றவர்கள் நாலு விரற்கடை இழுத்துச் செருகி, இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பிடித்துக்கொண்டதா என்று பார்த்து அப்புறம் மூடுவார்கள். அவ்வளவும் தண்டம். நான் நகக்கண் அளவு நுனியை மட்டும் செருகிச் சட்டென்று மூடிவிடுவேன். மிச்சம் பிடித்த இடத்தில் ஒரு படம் கூடுதலாகக் கிடைக்கும். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு லீவரைத் தள்ளி பிலிமை நகர்த்தவேண்டும் அல்லவா? முப்பத்தாறு முடிந்ததும் மற்றவர்களின் லீவர் இறுகி நின்றுவிடும். என்னுடையது எண்ணெய் போட்ட கதவு மாதிரி முப்பத்தேழுக்குப் போகும். அதற்குமேல் நான் பேராசைப்பட்டதில்லை.

எடுத்த ஒவ்வொரு படத்தையும் நோட்டில் கட்டம் போட்டு எழுதுவேன்: எண், இடம், நேரம், வெளிச்சம். சுருளைக் கழுவக் கொடுக்காமல் பிஸ்கெட் டப்பாவில் போட்டு வைப்பேன். ஐம்பது சேர்ந்ததும் மொத்தமாகக் கழுவிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு படமும் என் கண்ணிலேயே இருக்கும்போது அவசரம் என்ன?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் போனது முடிவெட்டுகிறவர். ஒரு பிற்பகலில் அவருடைய காலி நாற்காலியையும் அதன்மேல் கிடந்த துண்டையும் எடுத்தேன். அது முப்பத்தேழாவது. அடுத்த வாரம் முடி வெட்டப் போனால் கடை பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கண்ணாடி மாட்டியிருந்த இடத்தில் சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம். நாற்காலி இருந்த இடத்தில் நாலு ஓட்டை. மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கட்டடக்காரர் சொன்னார். அது அவர் சொன்னது. என் நோட்டில் உள்ளதை நான் சொல்கிறேன்.

அடுத்தது பேருந்து நிறுத்தத்து மரம். எடுத்த ஆறாம் நாள், இலை அசையாத ஒரு மத்தியானம், அது யாரோ சொல்லி உட்கார்ந்த மாதிரி மெதுவாகச் சாய்ந்தது. அடியில் யாரும் இல்லை. ஒரு குடை மட்டும் விரித்த நிலையில் இருந்தது. குடைக்குச் சொந்தக்காரர் கடைசிவரை வரவில்லை. மூன்றாவது, நடைமேம்பாலத்தில் எடை பார்க்கிற இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தவர். எட்டு நாள் கழித்துப் போனேன். பாலம் முழுதும் கரி படிந்திருக்க, அவர் இருந்த இடம் மட்டும் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. நான்காவது, எங்கள் கட்டட லிஃப்ட். பத்தாம் நாள் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றது. இன்னும் அங்கேதான் நிற்கிறது. படியேறும்போது கம்பிக் கதவின் வழியாக அதன் அடிவயிறு தெரியும்.

அதுவரை நான் எதையும் கோத்துப் பார்க்கவில்லை. ஒருநாள் நோட்டில் இல்லாமல் போனவற்றின்மேல் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். போட்டு முடித்துவிட்டுப் பார்த்தால், சிவப்பு எல்லாம் ஒரே வரிசையில் நின்றது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிக் கட்டம். முப்பத்தேழு. மற்ற முப்பத்தாறு கட்டங்களில் ஒரு கீறல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கேமராக்காரர்கள் சிலர் ஒன்றாக நடப்போம். அதில் ஒரு பல் டாக்டர் உண்டு. வாரத்துக்கு ஒரு லென்ஸ் வாங்குவார். ஊரார் பல்லெல்லாம் அவர் கழுத்தில் தொங்குகிறது என்று நாங்கள் சொல்வோம். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை அடக்கத் தெரியாத மனிதர்.

"பெரியவரே, முப்பத்தேழே கிடையாதே, அதுல எங்கேருந்து சாவு வரும்? லீவர் தள்ளுறப்ப இடதுபக்கக் குமிழ் சுத்துதான்னு என்னைக்காவது பார்த்திருக்கீங்களா?" என்றார்.

என் கேமராவில் அந்தக் குமிழ் மகா ஒழுக்கம், இருந்த இடத்தை விட்டு அசையாது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஏதோ விளக்கத் தொடங்கினார். நான் பேச்சை வளர்க்கவில்லை. முப்பத்தேழு வந்ததும் அவருடைய புது லென்ஸை எடுத்தேன். நாலாம் நாள் ஒரு சாக்கடையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது அவர் கழுத்திலிருந்து கழன்று விழுந்தது. வாரியத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எந்தக் குழாய் வழியாக எந்தத் தெருவுக்குப் போயிருக்கும் என்று அவருக்கு வரைந்து காட்டினேன். அதன்பிறகு என் பக்கத்தில் நடப்பதை அவர் விட்டுவிட்டார்.

எதிர்வீட்டு மாடியில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அதை எடுத்தேன். நாலே நாள், மூச்சு நின்றது. இந்த இடத்தில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. அதற்குப் பிறகு தெருவில் நடக்கும்போது என் கண் படத்துக்கு நல்ல இடம் தேடவில்லை. யாரைத் தாங்கமுடியவில்லை என்று தேடியது. வரிசையில் முந்துகிறவர், நடைபாதையில் வண்டி ஓட்டுகிறவர், படியில் எச்சில் துப்புகிற இரண்டாம் மாடிக்காரர். ஒருநாள் இரண்டாம் மாடிக்காரரின் முதுகு கேமராவுக்குள் முழுதாக அடங்கி நின்றது. எண் முப்பத்தேழு. விரல் பொத்தான்மேல். அவர் திரும்பிச் சிரித்து, "படமா?" என்று கேட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். நான் வீட்டுக்கு ஓடிவந்து லென்ஸை மூடினேன். அன்றிலிருந்து முப்பத்தாறோடு நிறுத்திக்கொள்வதென்று முடிவு. கேமராவின் எண்காட்டியில் முப்பத்தாறுக்குப் பக்கத்தில் அக்காவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளியும் வைத்தேன்.

ஏழு மாதம் ஒழுங்காக இருந்தேன்.

அப்புறம் அக்காவுக்கு ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உயிரோடு இருப்பதற்கான சான்றிதழில் ஒட்டப் புதிய புகைப்படம் வேண்டுமாம். ஸ்டுடியோவுக்குப் போகமாட்டேன் என்றாள். அங்கே இருப்பவன் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புகிறானாம், கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி.

"வீட்டுலயே ஒருத்தன் பத்து வருஷமா பையத் தூக்கிட்டு அலையிறான். நான் உயிரோட இருக்கேன்னு காட்ட ஒரு படம் எடுக்க மாட்டியா?" என்றாள்.

எண்காட்டி முப்பத்தைந்தில் இருந்தது. ஒன்று பாக்கி. போதும் என்று நினைத்தேன். ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தேன். காலை ஒன்பதரை மணி வெளிச்சம், பக்கவாட்டில். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். பொத்தானை அழுத்தினேன். முப்பத்தாறு. கை பழக்கத்தில் லீவரைத் தள்ளியது.

"கண்ண மூடிட்டேன்டா. இன்னொண்ணு எடு."

எடுத்தேன்.

யோசித்திருந்தால் எடுத்திருக்கமாட்டேன். அக்கா 'இன்னொண்ணு' என்று சொன்னால் யோசிக்கிற வழக்கம் எனக்கு எழுபத்தொரு வருடத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. கேமராவைக் கீழே இறக்கி, நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்தபோதுதான் கடைசிக் கட்டம் கண்ணில் பட்டது. எண்காட்டியைப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி பின்னால் போயிருந்தது.

"நல்லா வந்திருக்கும்னு தோணுது" என்றாள் அக்கா. "இந்தத் தடவ கண்ண நல்லாத் தொறந்து வெச்சிருந்தேன்."

அந்தக் கட்டத்தில் நான் எதுவும் எழுதவில்லை. எழுதாவிட்டால் நடக்காது என்று ஒரு நப்பாசை.

பத்து நாள். அதற்கு மேல் எதுவும் தாங்கியதில்லை. நான் எண்ணத் தொடங்கினேன்.

முதல் நாள் குளியலறைத் தரையைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். இரண்டாம் நாள் அவள் ஏறக்கூடிய ஸ்டூல்களை எல்லாம் ஒளித்துவைத்தேன். மூன்றாம் நாள் அடுப்பின் ரப்பர் குழாயை மாற்றினேன். லிஃப்ட் இல்லாததால் அவள் ஐம்பத்துநாலு படி இறங்கி ஏறவேண்டும். லிஃப்டை நிறுத்தியது யார் என்பது எனக்குத்தானே தெரியும். அவள் இறங்கினால் நான் ஒரு படி முன்னால் இறங்கினேன், ஏறினால் ஒரு படி பின்னால் ஏறினேன். கம்பிக் கதவுக்குள் லிஃப்டின் அடிவயிறு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலாம் நாள் கடைத்தெருவில், மூன்று வருடமாக ஆடாமல் நின்ற ஒரு விளம்பரப் பலகை அவளுக்கு நேர்மேலே லேசாக ஆடியது. அவளை இழுத்து எதிர்ப்பக்கம் கொண்டுபோனேன். எதிர்ப்பக்கத்தில் சாரம் கட்டி, மேலே யாரோ செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுச்சாலையில் நடந்தோம். பேருந்துக்காரன் எங்கள் இருவரையும் சேர்த்து ஒரே மூச்சில் திட்டினான்.

"என்னடா என் பின்னாலயே வர்ற? எனக்கு வால் மொளைக்கலைன்னு நான் அழுதேனா?" என்றாள்.

வெயில் அதிகம், துணைக்கு வந்தேன் என்றேன்.

"நாப்பது வருஷம் போன்ல பொய் கேட்டவடா நான். மூச்சு எங்க மாறுதுன்னு தெரியும் எனக்கு."

படம் எங்கே என்று தினமும் கேட்டாள். கழுவுகிறவருக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவள் விடுவாளா? ஐந்தாம் நாள் கடைக்கே போன் போட்டாள். அவர் நல்ல ஆரோக்கியத்தோடு எடுத்துப் பேசியிருக்கிறார். அது மட்டுமில்லாமல், "அம்மா, உங்க தம்பி இன்னிவரைக்கும் ஒரு ரோல்கூட என்கிட்ட கழுவக் குடுத்ததில்லையே. வாங்கறதோட சரி" என்றும் சொல்லிவைத்தாராம்.

அக்கா போனை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சண்டை போட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். "என்ன பயம் உனக்கு?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். அவள் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டது அத்தான் போன அன்றைக்குத்தான்.

ஆறாம் நாள் ஒரு கடிதம் வந்தது. ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து, ஆனால் உறையின்மேல் அவள் பெயர் இல்லை, என் பெயர் இருந்தது. படியிலேயே பிரித்தேன். தங்கள் சகோதரி காலமான செய்தி அறிந்து அலுவலகம் வருந்துகிறது, மேல் நடவடிக்கைக்கு அடையாள அட்டையைத் திருப்பி ஒப்படைக்கவும். கீழே முத்திரை. தேதியைப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்காரவைத்துப் படம் எடுத்தேனே, அதே தேதி.

அதே படியில் உட்கார்ந்தேன். மேலே மூன்றாம் மாடியிலிருந்து அக்கா பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நின்றால் ஓடவேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே இருந்தேன். இரண்டாம் மாடிக்காரர் ஏறி வந்தவர், என்னைப் பார்த்துவிட்டு, அன்றைக்குத் துப்பாமல் போனார்.

கடிதத்தை நோட்டுக்குள், எழுதாத கட்டத்தின்மேல் வைத்து மூடினேன்.

வழி ஒன்று இருந்தது. அது எனக்கு முதல் நாளே தெரியும். பிலிம் இருட்டில் இருக்கிறவரைதான் அதில் விழுந்த படம் உயிரோடு இருக்கும். கழுவுவதற்கு முன் வெளிச்சத்தில் இழுத்துப் போட்டால் அத்தனையும் செத்துப்போகும். அக்காவைப் பிடித்து வைத்திருப்பது அந்த முப்பத்தேழு என்றால், அதை வெயிலில் காட்டினால் பிடி விட்டுவிடும். அப்படியானால் ஏன் அன்றைக்கே செய்யவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேட்கக்கூடாது என்று நினைத்தேன், கேட்டுவிட்டீர்கள்.

அதே சுருளில் இருபத்தொன்றாவது படம் இருந்தது. ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம். மாலை நாலு மணி. ஒருவர் கயிற்றில் தொங்கியபடி ஏழாவது மாடிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க கண்ணாடிக்குள் வானம் தெளிந்து வந்தது. ஒரு கணம் துணியை வாயில் கவ்விக்கொண்டு உள்ளங்கையைக் கண்ணாடியில் ஊன்றினார். உள்ளே இருந்த அவரும் ஊன்றினார். இருவருக்கும் பின்னால் ஒரு கூட்டம் பறவை. அந்த அரை நொடியில் நான் அழுத்தினேன். பத்து வருடம் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தது அந்த ஒரு படத்துக்காகத்தான் என்று அங்கேயே தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஐஸ் வண்டிக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் இருபத்தொன்று. இது ஒரு கேள்வியா என்பீர்கள். எனக்கும் அது கேள்வியே இல்லை. ஆனாலும் ஒன்பது நாள் ஆயிற்று. எட்டாம் நாள் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது புரையேறி, கண் பிதுங்கி, மேசையைப் பிடித்துக்கொண்டாள். நான் முதுகைத் தட்டினேன். அந்தத் தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் நடுவில், கயிற்றில் தொங்குகிறவரின் உள்ளங்கை என் கண்முன் வந்து போயிற்று. வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மேலே செய்த சத்தியம் பொய்யாகிவிடும்.

ஒன்பதாம் நாள் காலை மொட்டைமாடிக்குப் போனேன். வெயில் வெள்ளையாக இருந்தது. துணி காயப்போடுகிற கொடிகளில் ஒன்றும் இல்லை. குமிழைச் சுற்றி பிலிமைத் திரும்ப டப்பிக்குள் இழுத்தேன். வழக்கம்போல் இரண்டே சுற்றில் முடிந்துவிட்டது. என் கேமராவின் சுறுசுறுப்பு அப்படி. டப்பியை எடுத்து, வாயைப் பல்லால் நெம்பி, பிலிமை வெளியே உருவினேன். ஒன்றரை மீட்டர். அது வெயிலில் பளபளவென்று முறுக்கிக்கொண்டு, என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. நான் எதிர்பார்த்த மாதிரி எந்தச் சத்தமும் வரவில்லை. கண்ணாடி துடைக்கிறவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அவர் கயிற்றை அறுத்த மாதிரி இருந்தது.

பின்னால் அக்கா நின்றாள். ஐம்பத்துநாலோடு இன்னும் பதினெட்டுப் படி ஏறி, யாரும் துணையில்லாமல்.

"அதுலதான் என் படமா?"

ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்; நாற்காலி, மரம், எடைக்காரர், லிஃப்ட், லென்ஸ், ஒலிபெருக்கி. கடிதத்தையும் காட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"நான் செத்தா மொதல்ல எனக்குத்தானேடா சொல்லணும்?" என்றாள். "கெளம்பு. நாளைக்கு ஆபீசு தொறந்ததும் போறோம்."

பத்தாம் நாள் எங்கள் தெருவிலிருந்து அந்த அலுவலகம்வரை நடந்தது என் வாழ்க்கையிலேயே நீளமான நடை. ஒவ்வொரு பால்கனித் தொட்டியும் விளிம்புக்கு வந்து நின்றது. ஒவ்வொரு நாயும் எங்களைப் பார்த்ததும் எழுந்தது. பேருந்து நிறுத்தத்தில் மரம் இருந்த இடத்தில் சிமெண்டு பூசியிருந்தார்கள். அக்கா வேண்டுமென்றே அதன்மேல் ஏறி நின்று இளைப்பாறினாள். முடிவெட்டுகிறவரின் கடையைத் தாண்டும்போது நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். என் கையை அவள் பிடித்திருந்தாளா, அவள் கையை நான் பிடித்திருந்தேனா என்று இப்போது சொல்லமுடியாது.

அலுவலகத்தில் மூன்றாம் எண் ஜன்னல். உள்ளே இருந்த குமாஸ்தா அக்காவின் எண்ணைக் கணினியில் தட்டிவிட்டு, திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இதுல நீங்க தவறிட்டதா இருக்கேம்மா."

"அப்ப உங்ககிட்ட இப்ப பேசிட்டிருக்கிறது யாரு?"

"அதான் எனக்கும் புரியல. சிஸ்டம் அப்படித்தான் காட்டுது."

"சிஸ்டத்த இங்க வரச் சொல்லுங்க. நான் பேசிக்கிறேன்."

வரிசையில் நின்றவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நாற்பது. பத்தாம் நாள் முடிய இன்னும் எவ்வளவோ இருந்தது. அவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்த கையில் நரம்பு துடிப்பது தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்; துடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருப்பது என்று முடிவு. குமாஸ்தா உள்ளே போனார், ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார், உதட்டை அசைத்துப் படித்தார். அதே பெயரில் வேறொரு அம்மாள் இருந்தாராம். எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறு. அந்த அம்மாளுக்குப் போடவேண்டியதை அக்காவுக்குப் போட்டுவிட்டார்கள். ஏதோ ஒரு விசையைத் தட்டினார். அக்கா உயிரோடு வந்தாள். மேசைமேல் இருந்த உருண்டைக் கண் ஒன்றைத் திருப்பி, அங்கேயே அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டார். பிலிமும் இல்லை, லீவரும் இல்லை. எண்ணிக்கையும் இல்லை.

"கண்ண மூடிட்டேன்" என்றாள் அக்கா.

நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பத்தாம் நாள் கழிந்தது. பதினொன்றாம் நாள் காலை பாத்திரம் உருளும் சத்தத்தில்தான் விழித்தேன். சரியான நேரத்தில் வெயிலில் காட்டினேன், பிடி விட்டது; இதற்குமேல் யாருக்கு என்ன நிரூபணம் வேண்டும்? அக்காவும் மறுத்துப் பேசவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: டப்பாவில் இருக்கிற மீதிச் சுருள்களிலும் முப்பத்தேழுகள் இருட்டில் உட்கார்ந்திருக்கின்றனவே, அவை இந்த வீட்டில் வேண்டாம். நியாயம்தான். பிஸ்கெட் டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் கழுவுகிறவரிடம் கொடுத்தேன். கடைசிப் படங்களைத் தனியே வெட்டி வைக்கச் சொன்னேன். வெறும் கையால் தொடவேண்டாம் என்றும் எச்சரித்தேன்.

மூன்று நாள் கழித்து அவர் நாற்பது சுருளையும் கழுவி, கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டு, என்னை உள்ளே கூப்பிட்டார். வெளிச்சம் பட்டுக் கறுத்த நுனியைத் தவிர, நாற்பதும் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தன. நுனி உருளையில் பிடிக்காததால் ஒன்றில்கூட பிலிம் ஓர் அங்குலமும் நகர்ந்திருக்கவில்லை, என் கேமரா இன்றுவரை ஒரு படமும் எடுத்ததில்லை.